சென்டர் மிட் விளையாடுற பெடியன், 17 வயசு: வெளிநாட்டு ட்ரயலுக்கு 12 லட்சம் கேக்கினம், குடுக்கலாமோ?

குருநகர்_மாமா:

எல்லாருக்கும் வணக்கம். இஞ்ச பந்து விளையாடி வெளிநாட்டுக்குப் போய் வந்த ஆக்கள் ஒண்டு ரெண்டு பேர் இருக்கிறீங்கள் எண்டு தெரியும், அதுதான் கேக்கிறன்.

என்ர அக்காவின்ர மகனுக்கு 17 முடிஞ்சு நாலு மாசம். ஏ.எல். கொமர்ஸ் படிக்கிறான் (படிக்கிறான் எண்டு அக்கா சொல்லுறா). பள்ளிக்கூட ரீமிலயும் ஊர்க் கழகத்திலயும் நடுவில, சென்டர் மிட். பெரிசா கோல் அடிக்கிற ஆள் இல்லை, ஆனா அவன் காய்ச்சல் எண்டு படுத்த ரெண்டு மட்சிலயும் எங்கட ரீமுக்கு மூண்டு பாஸ் ஒழுங்கா சேரேல்லை, அவ்வளவும் எனக்குத் தெரியும், மிச்சம் பந்தைப் பற்றி எனக்குப் பெரிசா விளங்காது.

மூண்டு கிழமைக்கு முன்னம் மின்னொளியில நடந்த செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர்) மட்ச் ஒண்டை ஆரோ ஃபோனில எடுத்து ஃபேஸ்புக்கில போட்டிருக்கினம். அதைப் பாத்திட்டு ஒருத்தர் வட்ஸ்அப்பில வந்தவர். தான் ஏஜென்டாம், போர்த்துக்கல்லில தனக்கு கிளப்புகளைத் தெரியுமாம், ட்ரயல் கடிதம் எடுத்துத் தாறாராம், ஆறு மாசத்தில புரொஃபெஷனல் கொன்ட்ராக்டாம். 12 லட்சம் ரூவா, பாதி இப்ப, பாதி விசா குத்தின பிறகு. அக்கா சங்கிலி காப்பு எல்லாத்தையும் கழட்டி மேசையில வைச்சிட்டா. அத்தான் கடலுக்குப் போறவர், அவர் படகு இஞ்சினுக்கு விலை கேக்கத் தொடங்கிட்டார். பெடியன் ஒண்டும் கதைக்கிறான் இல்லை, ராத்திரி முழுக்க குரோஷியா மிட்ஃபீல்டர் மொட்ரிச்சின்ர வீடியோவைப் பாத்துக்கொண்டு கிடக்கிறான்.

இது உண்மையா இருக்குமோ? உண்மை இல்லையெண்டா வேற என்ன வழியால போறது? படிப்பை விடச் சொல்லலாமோ? நாளண்டைக்கு அந்த ஆள் திரும்ப எடுக்கிறன் எண்டவர், அதுக்குள்ள ஆரும் சொன்னீங்கள் எண்டால் பெரிய உதவி.

---

மாலேயில்_ரெண்டு_சீசன்:

அண்ணை, முதல்ல இஞ்சினில கை வைக்க வேண்டாம் எண்டு அத்தானுக்குச் சொல்லுங்கோ. மிச்சத்தைப் பேந்து கதைப்பம்.

17 வயசுப் பெடியன் இலங்கையில இருந்து போய் போர்த்துக்கல்லில ஒரு கிளப்பில பதிய ஏலாது. பீஃபாவின்ர மாறுதல் சட்டத்தில 19ஆம் பிரிவு எண்டு ஒண்டு இருக்கு, 18 வயசுக்குக் கீழ நாடு விட்டு நாடு மாற ஏலாது. விதிவிலக்கு இருக்குத்தான், தாய் தேப்பன் பந்துக்காக இல்லாம வேற காரணத்துக்குக் குடிபெயர்ந்திருக்கோணும், இல்லையெண்டா ஐரோப்பாவுக்குள்ளயே மாறுற 16 வயசு தாண்டின பிள்ளையா இருக்கோணும், எல்லையில 50 கிலோமீற்றருக்குள்ள இருக்கிற ஆக்களுக்கும் ஒண்டு இருக்கு. உங்கட மருமகன் இதில ஒண்டிலயும் வரமாட்டான். ஆறு மாசத்தில கொன்ட்ராக்ட் எண்டு சொல்லுற ஆளுக்கு இது தெரியாதெண்டா அவர் ஏஜென்ட் இல்லை, தெரிஞ்சுகொண்டு சொல்லுறார் எண்டா அது அதைவிட மோசம்.

அடுத்தது, 2023இல இருந்து ஏஜென்ட் எண்டா பீஃபா வைக்கிற சோதினை பாஸ் பண்ணி லைசன்ஸ் எடுக்கோணும். லைசன்ஸ் ஆளின்ர பேரிலதான், கொம்பனியின்ர பேரில இல்லை. பீஃபாவின்ர வெப்சைற்றில பேரை அடிச்சுத் தேடலாம். அந்த ஆளிட்ட முழுப் பேரையும் லைசன்ஸ் நம்பரையும் கேளுங்கோ, மரியாதையாவே கேளுங்கோ. உண்மையான ஏஜென்டுக்கு உங்கட காப்பு சங்கிலி தேவையில்லை, பெடியன் சம்பளம் எடுக்கேக்க அதில அவருக்குப் பங்கு, அதுதான் அவற்ற உழைப்பு.

இனி என்ர கதை. நான் ஆறாம் நம்பர், டிஃபென்ஸுக்கு முன்னால நிண்டு விளையாடினவன். 24 வயசில மாலைதீவுக்குப் போனன், ரெண்டு சீசன். இலங்கைப் பெடியளுக்கு வெளிநாடு எண்டா கன காலமா முதல் வாசல் அதுதான், எங்கட நஷனல் ரீம் கீப்பர் சுஜான் பெரேராவும் அங்க கன வருசம் விளையாடினவர். முதல் நாள் ப்ரக்டிஸ் இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. எங்கட கிரவுண்டுகள் தெரியும்தானே, கல்லும் மேடும், பந்து எப்பிடி எழும்பும் எண்டு கடவுளுக்குத்தான் தெரியும், அதால நாங்கள் சின்னனில இருந்தே பந்தை உள்ளங்காலால மிதிச்சு நிப்பாட்டிப்போட்டு நிமிந்து பாத்திட்டுத்தான் குடுப்பம். அங்க நான் மிதிச்சன், நிமிந்தன், பந்து இல்லை. அஞ்சு நிமிசத்தில மூண்டு தரம். மூண்டாந்தரம் கோச் கத்தேல்லை, சிரிச்சார், அதுதான் சுட்டது. அந்த ஒரு பழக்கத்தை விட எனக்கு நாலு மாசம் போச்சு, அதுக்குள்ள சீசனின்ர பாதி முடிஞ்சுது.

இன்னொரு விசயம் ஒருத்தரும் சொல்லமாட்டினம். சின்ன லீக்குகளில வெளிநாட்டுக்காரருக்கு மூண்டு நாலு இடம்தான் குடுப்பினம். கிளப் அந்த இடத்தைக் கோல் அடிக்கிறவனுக்கும் உயரமான சென்டர் பாக்குக்கும் செலவழிக்கும், நடுவில ஓடுறதுக்கு உள்ளூர்ப் பெடியள் இருக்கினம் எண்டு நினைக்கும். மிட்ஃபீல்டராப் போறவன் அந்த ஊர்ப் பெடியனைவிடக் கொஞ்சம் நல்லவனா இருந்தாக் காணாது, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறவனுக்கும் வித்தியாசம் தெரியோணும்.

காசு விசயம்: எனக்கு ரெண்டாம் சீசனில மூண்டு மாசச் சம்பளம் வரேல்லை. கிளப் பேர் வேண்டாம். கொன்ட்ராக்ட் ரெண்டு பக்கம், பேசின காசில பாதி அதில இல்லை, வாயாலதான். பாஸ்போர்ட்டை ‘ஒஃபீஸில பத்திரமா இருக்கட்டும்’ எண்டு வாங்கி வைச்சவை. நாலு பேர் ஒரு அறை, சோறும் சூரை மீனும், ராத்திரி மட்ச் முடிஞ்சு வந்து வீட்டுக்கு ஃபோன் எடுத்து ‘எல்லாம் நல்லம்’ எண்டு சொல்லுறது. ரெண்டு மாசச் சம்பளம் வராட்டி கிளப்புக்கு எழுத்தில 15 நாள் தவணை குடுத்து, அதுக்குள்ளயும் தராட்டி கொன்ட்ராக்டை முறிச்சுக்கொண்டு வெளிக்கிடலாம், சட்டம் எங்கட பக்கம் எண்டு எனக்கு ஊருக்கு வந்த பிறகுதான் தெரியும். வட்ஸ்அப்பில கேட்டதுகளை எழுத்துக் கடிதமா, ஈமெயிலா கேட்டிருக்கோணும். அந்த மூண்டு மாசம் போனது போனதுதான்.

---

ஒஸ்லோ_அக்கா:

மாலே தம்பி சொன்னதில ஒண்டையும் நான் மாத்தேல்லை. நான் இஞ்ச பின்னேரங்களில 13, 14 வயசுப் பிள்ளையளுக்குப் பந்து பழக்கிறனான், ஆடி மாசம் வந்தா எகெபெர்க் கிரவுண்டுகளில நோர்வே கப் எண்ட பிள்ளையளின்ர போட்டி, கிழமை முழுக்க புல்லிலதான் சீவியம். அதால வீடியோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம்.

மாமா, அந்த செவன்ஸ் வீடியோவில உங்கட மருமகன் என்ன செய்யிறான்? ரெண்டு பேரைச் சுத்திக்கொண்டு போறானோ? பாக்க வடிவா இருக்கும், ஆனா ஒரு மிட்ஃபீல்டரை ஆரும் அதை வைச்சு எடுக்கமாட்டினம். ஸ்ட்ரைக்கருக்கு ரெண்டு நிமிச வீடியோ காணும், கோல் கோல்தானே. விங்கருக்கும் காணும். நடுவில நிக்கிறவனின்ர வேலை பந்து அவனிட்ட வர முன்னமே முடிஞ்சிடும். இஞ்ச கையர் யோர்டெட் எண்டொரு பேராசிரியர் இதைத்தான் வருசக்கணக்கா ஆராய்ஞ்சவர், பிரீமியர் லீக் மிட்ஃபீல்டர்மாரைக் கிட்டவா எடுத்து, பந்து வர முன்னம் எத்தினை தரம் தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால பாக்கினம் எண்டு எண்ணினவர். கூடப் பாக்கிறவைக்கு முன்னோக்கிக் குடுக்கிற பாஸ் கூடச் சரிவருது எண்டு கண்டவர். மட்சை ஃபோனில எடுக்கிற ஆள் பந்துக்குப் பின்னாலயே ஓடினா அந்தத் தலை ஒரு இடத்திலயும் விழாது.

ஆனபடியால் 11 பேர் மட்ச், முழு 90 நிமிசம், உயரமான இடத்தில ஃபோனை வைச்சு, கிரவுண்ட் முழுக்கத் தெரியிற மாதிரி, சூம் இல்லாம எடுங்கோ. அப்பிடி மூண்டு மட்ச். பாட்டுப் போடாதேங்கோ, நெருப்புப் பத்துற எஃபெக்ட் போடாதேங்கோ, தயவு செய்து. அவன் பந்தைப் பறிகுடுத்ததையும் வெட்டாதேங்கோ. பறிகுடுத்த பிறகு அடுத்த மூண்டு செக்கன் என்ன செய்யிறான் எண்டதைத்தான் நான் முதல்ல பாப்பன்.

அவனிட்ட ஒரு கேள்வி கேளுங்கோ, சும்மா சாப்பாட்டு மேசையில: பந்து காலுக்கு வர முன்னம் நீ கடைசியா எங்க பாத்தனீ? உடன மறுமொழி வந்தால் அவன் மிட்ஃபீல்டர். யோசிச்சால் பழக்கலாம், 17 ஒண்டும் பிந்தின வயசில்லை.

---

சாவகச்சேரி_சந்தி:

எல்லாரும் பெடியனைப் பயப்பிடுத்தாதேங்கோ. மொட்ரிச் பாக்கிறான் எண்டா சரியான ஆளைத்தான் பாக்கிறான். 1991 மார்கழியில அந்தாளின்ர அப்பப்பாவைச் சுட்டவங்கள், வீட்டை எரிச்சவங்கள், அகதியா வந்து சடார் எண்ட ஊரில ஹொட்டலில கன வருசம் இருந்து, ஹொட்டல் கார் பார்க்கில பந்து அடிச்ச பிள்ளை. எங்களுக்கு இது புதுக் கதையே? 95இல நாங்கள் இடம்பெயர்ந்து கிடந்த பள்ளிக்கூட வளவில துணியைச் சுத்திக் கட்டி அடிச்சனாங்கள், பந்து நனைஞ்சா ரெண்டு கிலோ.

ஹய்டுக் ஸ்ப்ளிட் எண்ட அங்கத்தைப் பெரிய கிளப் ‘சின்ன ஆள்’ எண்டு திருப்பி அனுப்பினது. பேந்து என்ன நடந்தது? 2018இல உலகத்தில திறமான விளையாட்டுக்காரனுக்குக் குடுக்கிற பலோன் டோர், ரியல் மட்ரிட்டோட ஆறு சம்பியன்ஸ் லீக், 2025இல 39 வயசில மிலானுக்குப் போறார். உயரம் 172 சென்ரிமீற்றர், எங்கட பெடியளின்ர உயரம்தான்.

இஞ்சாலயும் பாருங்கோ, விமல் யோகநாதன், எங்கட ஈழத்துத் தமிழ்ப் பெற்றோரின்ர பிள்ளை, வேல்ஸில வளந்தவன், லிவர்பூல் அகடமியில இருந்து பார்ன்ஸ்லிக்குப் போய் 2023இல புரொஃபெஷனல் கொன்ட்ராக்ட் எடுத்திட்டான், அவனும் மிட்ஃபீல்டர்தான். எங்கட ஆக்களுக்கு ஏலாது எண்டு இனி ஆர் சொல்லுறது?

---

கணக்குவாத்தி:

சந்தி அண்ணை, ஏலாது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, வழி எது எண்டுதான் கேள்வி. விமல் அங்க வளந்த பிள்ளை, அகடமிக்குள்ள சின்னனிலயே போனவன், அவனுக்கு வேர்க் பெர்மிட் கேள்வியே வராது. இஞ்ச இருந்து போறவனுக்கு இங்கிலாந்து புள்ளிக் கணக்குப் போடும். நஷனல் ரீம் உலகத் தர வரிசையில முதல் 50க்குள்ள இருந்து, அந்த ரீமின்ர மட்சுகளில பெரும்பகுதி விளையாடியிருந்தாத்தான் சுகமாக் கிடைக்கும். நாங்கள் 200 அடியில நிக்கிறம். அந்த வாசல் பூட்டு எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ.

இப்ப எங்கட நஷனல் ரீமிலயே வெளியில வளந்த பெடியள்தான் கூட. டைனமோ டிரெஸ்டன் எண்ட ஜேர்மன் கிளப்பில விளையாடின காமர்க்னெக்ட் ஜேர்மனியில பிறந்தவர், 2021இல லெபனானுக்கு ரெண்டு கோல் அடிச்ச வசீம் ராசீக்கும் ஜேர்மனியில பிறந்தவர். 2024 செப்டெம்பரில கம்போடியாவை பெனால்டியில வெண்ட ரீமைப் பாருங்கோ. நல்லதுதான், நானும் துள்ளினனான். ஆனா குருநகர்ப் பெடியனுக்கு இடம் இன்னும் ஒடுங்கிப் போச்சு, அதையும் சொல்லத்தானே வேணும்.

மொட்ரிச் கதையிலயும் நடுப் பக்கத்தைக் கிழிச்செறிஞ்சிட்டு முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் வாசிக்கிறீங்கள். டினாமோ சாக்ரெப்பில சேர்ந்த பிறகு 18 வயசில அந்தாளை பொஸ்னியாவில மொஸ்தாருக்கு இரவல் குடுத்தவை, ஸ்ரின்ஸ்கி எண்ட கிளப். கரடுமுரடான லீக், காலை உடைக்கிற அடி. அடுத்த சீசன் இன்டர் சப்ரெஷிச், அதுவும் இரவல், சின்ன கிளப். பிறகுதான் டினாமோவில இடம். டொட்டன்ஹாம் 2008. ரியல் மட்ரிட் 2012, அந்த வருசக் கடைசியில மார்க்கா எண்ட ஸ்பெயின் பேப்பர் வாசகரிட்ட கேட்க, அந்த சீசனின்ர ஆகக் கேவலமான கொள்வனவு எண்டு இவரைத்தான் தெரிஞ்சவை. மருமகன் பாக்கிற வீடியோவில மொஸ்தார் இருக்கோ எண்டு கேளுங்கோ. இருக்காது.

பிரான்ஸ் மிட்ஃபீல்டர் கான்டேயும் அப்பிடித்தான். பரிசுக்குப் பக்கத்தில சுரேன் எண்ட ஊர்க் கழகத்தில 19 வயசு மட்டும் அமெச்சூர். பிறகு பூலோன், மூண்டாம் டிவிஷன். பிறகு கான். லெஸ்டருக்கு வரேக்க 24 வயசு, அடுத்த வருசம் சம்பியன். படிப்பும் விடேல்லை, பூலோனில விளையாடிக்கொண்டு கணக்கியல் டிப்ளோமா முடிச்சவர். கொமர்ஸ் படிக்கிற பெடியனுக்கு இதைவிட என்ன சொல்லோணும், ஏ.எல். எழுதட்டும். 18 வர இன்னும் எட்டு மாசம் கிடக்கு, அதுக்குள்ள எப்பிடியும் ஒரு இடமும் போகேலாது.

---

குருநகர்_மாமா:

எல்லாருக்கும் நன்றி. லைசன்ஸ் நம்பர் கேட்டு மெசேஜ் போட்டன். நீலக் கோடு விழுந்து ஒரு நாள், மறுமொழி இல்லை. பிறகு அக்காவுக்கு நேர எடுத்து ‘உங்கட தம்பியாலதான் பிள்ளையின்ர எதிர்காலம் கெடப்போகுது’ எண்டிருக்கிறார். அக்கா என்னோட ரெண்டு நாளாக் கதைக்கேல்லை, நேற்று சங்கிலியை மட்டும் திருப்பிப் போட்டிருக்கிறா, காப்பு இன்னும் மேசையில.

ஒஸ்லோ அக்கா சொன்ன கேள்வியை அவனிட்டக் கேட்டன். சோத்தைப் பிசைஞ்சுகொண்டே ‘லெஃப்ட் பாக் எங்க நிக்கிறான் எண்டு பாப்பன், அவன் எப்பவும் மேல போய் நிப்பான், பந்து பறிபோனா நான்தான் அங்க ஓடோணும்’ எண்டான். எனக்கு அது மறுமொழியோ இல்லையோ எண்டு தெரியேல்லை.

மாலே தம்பி, மாலைதீவுக்கு 18 வந்த பிறகு போறதெண்டா இப்ப இருந்து என்ன கடதாசி வேணும்?

---

ஒஸ்லோ_அக்கா:

அது மறுமொழிதான் மாமா. நல்ல மறுமொழி. லெஃப்ட் பாக்குக்கு ஆரும் ரெண்டு போட்டால் நல்லது.

---

மாலேயில்_ரெண்டு_சீசன்:

சிரிச்சுப்போட்டன் அக்கா.

அண்ணை, கடதாசியில முதலாவது கழகத்தில அவன்ர பதிவு. அவன்ர சொந்தப் பேரில, சரியான பிறந்த திகதியோட பதிஞ்சிருக்கோ எண்டு செயலாளரிட்ட நேர போய்ப் பாருங்கோ, ஃபோனில கேட்டா ‘எல்லாம் ஓகே’ எண்டுதான் வரும். எங்கட பக்கம் செவன்ஸில இன்னொருத்தன்ர ஐ.சி.யில இறங்கிற பழக்கம் இருக்கு, நானும் செய்தனான், பொய் சொல்லேல்லை. அந்த மட்சுகள் எல்லாம் அவன்ர கணக்கில வராது, அம்பிட்டா தடை வேற. நாடு மாறேக்க இலங்கைச் சம்மேளனத்தில இருந்து சர்வதேச மாறுதல் சான்றிதழ் போகோணும், இஞ்ச பதிவில பிழை இருந்தா அங்க கிளப் காத்துக்கொண்டு நிக்காது, மாறுற காலம் முடிஞ்சிடும்.

கழகக்காரர் பஞ்சிப்பட்டா இதைச் சொல்லுங்கோ: அவன் நாளைக்கு ஒரு நாட்டில இருந்து இன்னொரு நாட்டுக்கு விலை போனா அந்தக் காசில 5 வீதம் 12 வயசில இருந்து 23 வயசு மட்டும் அவனைப் பழக்கின கழகங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கோணும். 16 வயசில இருந்து ஒவ்வொரு சீசனுக்கும் அரை வீதம். பதிவு இல்லாட்டி ஒரு சதமும் இல்லை. இதைக் கேட்ட உடன எங்கட செயலாளர் பழைய கொப்பியெல்லாம் தூசி தட்டித் தேடினவர்.

ஏஜென்டோட கையெழுத்து எண்டு வந்தா ரெண்டு வருசத்துக்கு மேல போகேலாது. 18க்கு முன்னம் எண்டா தாய் தேப்பன்ர கையெழுத்தும் வேணும். அந்த வட்ஸ்அப் ஆளை அக்காவின்ர ஃபோனிலயும் ப்ளொக் பண்ணுங்கோ, இல்லையெண்டா காப்பு போயிடும்.

மற்றது அந்த உள்ளங்கால் பழக்கம். உங்கட மருமகனிட்டயும் இருக்கும், இஞ்ச எல்லாரிட்டயும் இருக்கு. நான் இப்ப அரியாலைப் பக்கம்தான் இருக்கிறன், செவ்வாயும் வியாழனும் பின்னேரம் சும்மாதான். 4 மணிக்குக் கிரவுண்டுக்கு அனுப்பிவிடுங்கோ. வீடியோவுக்குப் பக்கத்து வீட்டு மொட்டை மாடி கேட்டுப் பாப்பம், ஸ்டாண்ட் என்னட்ட இருக்கு, ஃபோன் மட்டும் சார்ஜ் போட்டுக் கொண்டு வரட்டும்.

---

குருநகர்_மாமா:

செவ்வாய் ரியூஷன். வியாழன் வருவான், நானும் வாறன்.